எட்டில் மூன்று தவறும்

ஏப்ரல் நடுப்பகுதி வந்துவிட்டால் ரொறன்ரோவில் எல்லோரும் ஐஸ் ஹாக்கி கணிப்பாளர்கள்தான். வேலையிடத்தில் ஒரு தாள் சுற்றி வரும், ஆளுக்கு ஐந்தோ பத்தோ டொலர் போட்டு எட்டுத் தொடருக்கும் எட்டுப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-இன் 32 அணிகளில் 16 அணிகள் பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்கு வரும், முதல் சுற்றில் எட்டுத் தொடர், ஒவ்வொன்றிலும் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் மேலே போவார். பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்து, மேலே இருக்கும் அணியின் பெயரை எழுதி, மனதுக்குப் பிடித்த ஓர் அணியை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டுத் தாளை அடுத்தவரிடம் நீட்டிவிடுவார்கள்.

இந்த எட்டுப் பெயர்த் தாளில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் சுற்றுக்குப் பெயரை எழுதுவதைவிட சதவீதத்தை எழுதுவதுதான் நேர்மையான கணிப்பு. "போஸ்டன் வெல்லும்" என்று சொல்வதற்கும் "போஸ்டனுக்கு 68 சதவீதம்" என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்பவர் எதிரணிக்கும் 32 சதவீதம் இருப்பதை ஒத்துக்கொள்கிறார், அந்த 32 எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவும் தொடங்கிவிடுகிறார். ஹாக்கியில் சுவையெல்லாம் அந்த 32-க்குள்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், கடினமான கணக்கு இல்லை. ஓர் அணி உண்மையிலேயே பலமானது, ஒவ்வொரு ஆட்டத்திலும் அது வெல்ல 55 சதவீத வாய்ப்பு உண்டு என்று வையுங்கள். ஏழு ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 61 சதவீதம்தான். ஒரு ஆட்டத்துக்கு 60 என்றால் தொடருக்கு 71, அதுவே 65 என்றால் 80. பிளேஆஃபுக்கு வந்துசேர்ந்த இரண்டு அணிகளுக்கு நடுவே ஆட்டத்துக்கு ஆட்டம் 65 சதவீதம் என்று சொல்லக்கூடிய இடைவெளி இருப்பது மிக அரிது. ஆகவே எட்டுத் தொடரிலும் பலமான அணி எதுவென்று உங்களுக்கு மிகச் சரியாகத் தெரிந்திருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் 61 சதவீதம் என்று எடுத்தால், சராசரியாக மூன்று தொடர் உங்கள் கையை விட்டுப் போகும். எட்டும் சரியாக வருவதற்கு 2 சதவீதம்கூட இல்லை. யாராவது எட்டும் சரியாகச் சொன்னால் அவருக்கு அந்த வருடம் நல்ல அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

சரி, பலமான அணி எது என்பதாவது பட்டியலில் தெரிகிறதா? அங்கேயும் சிக்கல் இருக்கிறது. பிளேஆஃபுக்கு முந்தைய பருவத்தில் ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஐந்து நிமிட ஓவர்டைம், பக்கத்துக்கு மூன்று பேர், அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட், அதாவது ஒவ்வொருவராக வந்து கோல்காப்பாளரை மட்டும் எதிர்த்து அடிப்பது. தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. பிளேஆஃபில் இதெல்லாம் கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கான 20 நிமிட முழு பீரியட், யாராவது ஒரு கோல் போடும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், நள்ளிரவு தாண்டினாலும். மூன்று பேர் ஓட்டத்திலும் ஷூட்அவுட்டிலும் பத்துப் பன்னிரண்டு புள்ளி சேர்த்த அணிக்கு அந்தத் திறமை ஏப்ரலில் ஒன்றுக்கும் உதவாது. அதனால் நான் மொத்தப் புள்ளியைப் பார்ப்பதைவிட, அறுபது நிமிடத்துக்குள் எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்ற பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், பட்டியல் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்குமான சராசரி. ஏப்ரலில் பனியில் இறங்கும் அணி அதுவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செயின்ட் லூயிஸ் அணி 2019 ஜனவரி தொடக்கத்தில் முழு லீகிலும் கடைசி இடத்தில் இருந்தது. ஜூனில் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. புளோரிடா 2023-இல் 92 புள்ளிகளோடு கடைசி இடத்தைப் பிடித்துப் பிளேஆஃபுக்குள் நுழைந்த அணிதான், ஆனால் அதற்கு முந்தைய பருவத்தில் 122 புள்ளிகளோடு லீகிலேயே முதலிடம் வந்ததும் அவர்கள்தான். இடையில் மத்தியூ கச்சக் என்ற நட்சத்திர வீரரைக் கொண்டுவந்திருந்தார்கள். 92 என்ற எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

2019-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், முதல் சுற்றைப் பற்றி நான் யோசிக்கும் விதத்தை அந்த வருடம்தான் அமைத்தது. டாம்பா பே 62 ஆட்டம் வென்று 128 புள்ளி எடுத்திருந்தது. 62 வெற்றி என்பது 1995-96 டெட்ராய்ட் அணியின் சாதனைக்குச் சமம். அதன் வீரர் நிகிதா குச்செரோவ் கோல், கோலுக்கு உதவி இரண்டையும் கூட்டினால் தனியாளாக 128 புள்ளி. எதிரே கொலம்பஸ், 98 புள்ளி, 2000-ஆம் ஆண்டில் ஆடத் தொடங்கியதிலிருந்து ஒரு பிளேஆஃப் தொடர்கூட வெல்லாத அணி. முதல் ஆட்டத்தில் டாம்பா முதல் பீரியட்டிலேயே 3-0. அந்த நேரத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இந்தத் தொடர் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த ஆட்டத்தைக் கொலம்பஸ் 4-3 என்று வென்றது. இரண்டாவது 5-1. மூன்றாவதில் குச்செரோவ் இல்லை, முந்தைய ஆட்டத்தில் எதிராளியைப் பலகையில் மோதித் தள்ளியதற்குத் தடை, 3-1. நான்காவது 7-3. ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் டாம்பா வீட்டுக்குப் போனது.

அதிசயம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, ஏனென்றால் அதைச் சொன்னதும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். கொலம்பஸ் பிப்ரவரியில் மாட் டுஷேனையும் ரயன் ட்ஸிங்கலையும் வாங்கியிருந்தது, அதாவது 98 புள்ளியைச் சேர்த்த அணியும் ஏப்ரலில் ஆடிய அணியும் ஒன்றல்ல. டாம்பாவின் விக்டர் ஹெட்மன் காயத்தோடு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மீதிக்கு வரவில்லை. கொலம்பஸின் கோலில் செர்கேய் பொப்ரோவ்ஸ்கி நின்றார். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எடைபோட்டிருந்தாலும் நான் டாம்பாவுக்கு 70-க்கு மேல்தான் கொடுத்திருப்பேன், அது தவறான எண் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. 30 சதவீத விஷயங்கள் நடக்கும். அந்த வருடம் நடந்ததெல்லாம் அதுதான். நான்கு பிரிவுகளிலும் முதலிடம் வந்த டாம்பா, வாஷிங்டன், நாஷ்வில், கால்கரி நான்கும் முதல் சுற்றிலேயே வெளியே. பட்டியலை அப்படியே நகலெடுத்தவர்களின் தாள் இரண்டே வாரத்தில் கந்தலாகிப் போனது.

டாம்பா நிர்வாகம் பயிற்சியாளர் ஜோன் கூப்பரைத் துரத்தவில்லை, அணியைக் கலைக்கவும் இல்லை. அடுத்த வருடம் முதல் சுற்றில் மறுபடியும் கொலம்பஸ்தான். முதல் ஆட்டம் ஐந்து ஓவர்டைம் போனது, கொலம்பஸ் கோல்காப்பாளர் யோனஸ் கோர்பிசாலோ 85 ஷாட் தடுத்தும் தோற்றார். டாம்பா ஐந்து ஆட்டத்தில் தொடரை முடித்து, அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கோப்பையை எடுத்தது. நான்கு ஆட்டத்தை வைத்து ஓர் அணியை எடைபோடக் கூடாது என்று அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கோல்காப்பாளருக்கு வருவோம், கணிப்பில் மிகவும் இடறும் இடம் இதுதான். ஒரு ஆட்டத்தில் ஓர் அணியின் கோலை நோக்கிச் சுமார் 30 ஷாட் வரும் என்று வையுங்கள். பத்தில் ஒன்பதைத் தடுப்பவர் மூன்று கோல் விடுவார். நூற்றுக்கு 92 தடுப்பவர் சராசரியாக 2.4 விடுவார். இந்த அரைச்சொச்சம் கோல்தான் நல்ல கோல்காப்பாளருக்கும் சாதாரணமானவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம். ஆனால் ஏழு ஆட்டத்தில் வருவது மொத்தமே 200 ஷாட் சொச்சம்தான். நூற்றுக்கு 91 தடுக்கும் சராசரி ஆள் ஒருவர், உடம்பில் எந்தக் குறையும் இல்லாமல், எந்தப் பதற்றமும் இல்லாமல், வெறும் தற்செயலினால் மட்டுமே ஒரு தொடரில் 89 ஆகவோ 93 ஆகவோ தெரியலாம். 93 வந்தால் பத்திரிகையில் வீரர், 89 வந்தால் பெரிய ஆட்டத்தில் கைகொடுக்காதவர். ஆள் அதே ஆள்தான்.

2010-இல் வாஷிங்டனுக்கு எதிராக மொன்றியலின் யரோஸ்லாவ் ஹலாக் ஆறாவது ஆட்டத்தில் 53 ஷாட் தடுத்தார். 121 புள்ளி எடுத்த வாஷிங்டன், தொடரில் 3-1 என முன்னிலையில் இருந்தும் வெளியேறியது. வாஷிங்டன் அந்த ஆட்டத்தில் மோசமாக ஆடவில்லை, நாள் முழுக்க எதிரணியின் பக்கத்திலேயே நின்றது. உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

2025-இன் வின்னிபெக் இன்னும் நல்ல உதாரணம். கானர் ஹெலபக் அந்தப் பருவத்தில் நூற்றுக்கு 92.5 தடுத்தவர், சிறந்த கோல்காப்பாளர் விருதோடு லீகின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கியவர். 116 புள்ளியோடு முதலிடம் வந்த அணிக்கு இப்படி ஒருவர் பின்னால் நின்றால் கணிப்பு எழுத நேரமே தேவையில்லை என்று தோன்றும். எதிரே 96 புள்ளி செயின்ட் லூயிஸ். ஆனால் அந்த அணி கடைசிக் கட்டத்தில் தொடர்ச்சியாக 12 ஆட்டம் வென்று வந்திருந்தது. தொடரில் செயின்ட் லூயிஸ் அரங்கில் நடந்த மூன்று ஆட்டத்திலும் ஹெலபக்கைப் பாதியில் வெளியே எடுத்தார்கள். ஏழு ஆட்டத்திலும் சொந்த அரங்கில் ஆடிய அணியே வென்றது. ஏழாவது ஆட்டத்தில் இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது செயின்ட் லூயிஸ் 3-1 என முன்னால். வின்னிபெக் ஒரு கோலைத் திருப்பியது. ஹெலபக்கை வெளியே எடுத்து ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கியிருந்தார்கள், கடிகாரத்தில் இரண்டு மூன்று நொடிதான் பாக்கி, அப்போது வின்னிபெக்கின் பெர்பெட்டி சமன் செய்தார். இரண்டாவது ஓவர்டைமில் அணித்தலைவர் ஆடம் லவுரி கோல் போட்டு முடித்துவைத்தார்.

பட்டியலை வைத்து "வின்னிபெக்" என்று எழுதியவருக்குத் தாளில் சரி அடையாளம் விழுந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது சரியா? மூன்று நொடி முன்னால் முடிந்திருந்தால் அதே ஆள் அதே காரணத்துக்காகத் தவறாகியிருப்பார். விடையை மட்டும் திருத்தும் தாள் இதைக் காட்டாது.

தோற்ற செயின்ட் லூயிஸின் பயிற்சியாளர் ஜிம் மொன்ட்கோமெரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் வரலாற்றிலேயே இல்லாத பருவம் ஒன்றை ஆடிய போஸ்டனின் பயிற்சியாளரும் இவர்தான். அந்த போஸ்டன்தான் முதல் சுற்றில் புளோரிடாவிடம் 3-1 என முன்னிலை எடுத்துவிட்டுத் தோற்றது. புள்ளி வித்தியாசம் 43. ஐந்தாவது ஆட்டத்தை போஸ்டனில் வைத்து ஓவர்டைமில் கச்சக் முடித்தார். ஏழாவது ஆட்டத்தில் போஸ்டன் 3-2 என முன்னால் இருக்க, கடைசி நிமிடத்துக்குள் பிராண்டன் மொன்டூர் சமன் செய்தார். ஓவர்டைமில் புளோரிடாவின் கார்ட்டர் வெர்ஹேகி அடித்த பக், ஹாக்கியின் ரப்பர் வட்டு, உள்ளே போனபோது அந்த அரங்கம் எழுப்பிய சத்தத்தை, சத்தம் நின்றுபோனதை என்றுதான் சொல்ல வேண்டும், தொலைக்காட்சியில் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த கோல்காப்பாளர் லினஸ் உல்மார்க் முதல் ஆறு ஆட்டத்தில் நின்றார், ஏழாவதில் ஜெரமி ஸ்வேமனை இறக்கினார்கள். புளோரிடாவில் தொடரைத் தொடங்கியது அலெக்ஸ் லயன், பிறகு வந்தவர் 2019-இல் கொலம்பஸுக்கு நின்ற அதே பொப்ரோவ்ஸ்கி. தொடர் தொடங்குவதற்கு முன்னால் கணிப்பு எழுதுகிறவருக்கு, கடைசியில் எந்த இருவர் எதிரெதிராக நிற்பார்கள் என்பதே தெரிந்திருக்க வழியில்லை.

போஸ்டனின் தலைவர் பாட்ரிஸ் பெர்ஜெரான் அந்தத் தொடரின் முதல் நான்கு ஆட்டத்தில் இல்லை. என்ன காயம் என்பது தொடர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது, முதுகுத் தண்டு வட்டு பிதுங்கியிருந்தது. பிளேஆஃப் காலத்தில் அணிகள் சொல்வதெல்லாம் "மேலுடல் காயம்", "கீழுடல் காயம்", அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. தோற்று வெளியேறிய மறுநாள் அறையைக் காலி செய்யும்போதுதான் யாருக்கு விலா உடைந்திருந்தது, யார் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவரும். நேர்மாறாகவும் நடக்கும். குச்செரோவ் 2020-21 பருவம் முழுக்க இடுப்பு அறுவைச் சிகிச்சையால் ஆடவே இல்லை, பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் வந்து புளோரிடாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். டாம்பாவின் அந்தப் பருவப் புள்ளியில் அவர் பங்கு ஒன்றுமே இல்லை. ஆகவே கடைசி வாரப் பயிற்சியில் யார் தனியாக ஸ்கேட் செய்கிறார், யார் அணியோடு சேர்ந்து செய்கிறார் என்று நிருபர்கள் எழுதும் ஒற்றை வரிகளை நான் பட்டியலைவிடக் கவனமாகப் படிப்பேன்.

இன்னொன்று, எதிரணி யார் என்பது. எட்மன்டனும் லொஸ் ஏஞ்சலஸும் 2022-லிருந்து 2025 வரை நான்கு வருடம் தொடர்ந்து முதல் சுற்றில் சந்தித்தன, நான்கிலும் எட்மன்டனே வென்றது. லொஸ் ஏஞ்சலஸ் நல்ல அணி, நடுப்பகுதியை அடைத்து எதிரணியை மெதுவாக்கும் அணி. ஐவர் எதிர் ஐவராக அது நன்றாகவே தாக்குப்பிடித்தது, பிரச்சினை தண்டனை விழும்போதுதான். எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்தான் பவர் பிளே, அதில் எட்மன்டன் கோல் போட்டது 2022-23 பருவத்தில் 32.4 சதவீதம், லீக் வரலாற்றில் அதைவிட உயர்ந்தது இல்லை. எட்மன்டனின் நட்சத்திரங்களான மக்டேவிட்டுக்கும் ட்ரைசைட்டிலுக்கும் கூடுதலாக ஓர் ஆளின் இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை. 2025-இல் லொஸ் ஏஞ்சலஸ் 2-0 என முன்னால் போனது. மூன்றாவது ஆட்டத்தில் எட்மன்டன் சமன் செய்த கோலை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு கேட்டார்கள், அது நிராகரிக்கப்பட்டது, அதற்குத் தண்டனை இரண்டு நிமிடம், அந்த பவர் பிளேயில் உடனே எட்மன்டன் முன்னிலை எடுத்தது. அங்கிருந்து தொடர் அப்படியே திரும்பிவிட்டது. இந்த மாதிரிப் பொருத்தம் இருக்கும்போது நான் எண்ணை ஐந்தாறு புள்ளி நகர்த்துவேன், அதற்கு மேல் இல்லை.

ரொறன்ரோவில் இருந்துகொண்டு ரொறன்ரோவைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2004-க்குப் பிறகு 2023 வரை எங்கள் ஊர் அணி மேப்பிள் லீஃப்ஸ் ஒரு தொடர்கூட வெல்லவில்லை. 2013-இல் போஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் மூன்றாவது பீரியட்டில் 4-1 என முன்னால் இருந்து தோற்றார்கள். 2018, 2019, 2020, 2021, 2022, ஐந்து வருடம் தொடர்ச்சியாக, தொடரின் கடைசித் தீர்மான ஆட்டத்தில் தோற்றார்கள். நாணயம் சுண்டி ஐந்து தடவையும் பூ விழுவதற்கு 32-இல் ஒரு வாய்ப்பு. சாபம் என்று பேச நிறையப் பேர் இருந்தார்கள், மனவுறுதி இல்லை என்றும் சொன்னார்கள். எனக்கு அந்த ஐந்தில் பாதிக்கு மேல் எதிரணிக் கோல்காப்பாளரும் உள்ளே போகாத பக்கும்தான் காரணமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்தத் தொடருக்கு எண் எழுதும்போது கை தானாக மேலே ஏறப் பார்க்கும், அதனால் மற்ற ஏழையும் எழுதிய பிறகு, அதே அளவுகோலை வைத்துக் கடைசியாகத்தான் ரொறன்ரோவுக்கு எழுதுவேன். 2023-இல் ஜோன் டவாரஸ் ஓவர்டைமில் டாம்பாவை முடித்த இரவில் ஸ்காபரோ முழுக்க கார்கள் நீலக்கொடி கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயின. என் எண் அன்றைக்கு 50-க்குப் பக்கத்தில்தான் இருந்தது, அதனால் சந்தோஷம் ஒரு துளியும் குறையவில்லை.

என் தம்பி முறையான ஒருவன் ஒவ்வொரு ஏப்ரலும் கேட்பான்: "அண்ணை, சதவீதம் எல்லாம் விடுங்கோ, ஆர் வெல்லுறது எண்டு சொல்லுங்கோ." அவனுக்கும் தாளில் பெயர் எழுதித்தான் கொடுக்க வேண்டும், பாவம். அவனுக்கு நான் சொல்வது இதுதான். எட்டில் ஐந்துக்குப் பலமான அணியையே எழுது. மீதி மூன்றில், 55-க்குக் கீழே நிற்கும் தொடர்களைப் பிடித்து, அங்கே உன் கண் எதை நம்புகிறதோ அதை எழுது, ஏனென்றால் அங்கே பட்டியலுக்கும் உன் கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மற்ற எல்லோரும் பட்டியலைத்தான் எழுதியிருப்பார்கள். எத்தனை ஆட்டத்தில் என்று கேட்டிருந்தால் ஆறு என்று எழுது. சமபலம் உள்ள இரண்டு அணி என்றால் நான்கு ஆட்டத்தில் முடிய 12.5 சதவீதம், ஐந்தில் 25, ஆறிலும் ஏழிலும் தலா 31 சொச்சம். ஓர் அணி கொஞ்சம் பலமானது என்றாலே ஆறு முன்னால் வந்துவிடும். "நான்கே ஆட்டத்தில் துடைத்துவிடுவார்கள்" என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தாளில் அதற்குப் புள்ளி கிடைப்பது அபூர்வம்.

முதல் இரண்டு ஆட்டம் முடிந்ததும் என்னுடைய எண்களை மாற்றுவேன். ஆனால் யார் வென்றார் என்பதற்காக மட்டும் மாற்ற மாட்டேன், அதற்கு உரிய கணக்கை நான்கு வெற்றி விதி தானாகவே பார்த்துக்கொள்ளும். ஐவர் எதிர் ஐவராக யார் பக்கை எதிரணிப் பகுதியில் வைத்திருந்தார்கள், கோலுக்கு நேர் முன்னால் இருந்து எத்தனை ஷாட் எடுத்தார்கள், சொந்த அரங்கில் கடைசியாக ஆள் மாற்றும் உரிமையை வைத்துப் பயிற்சியாளர் யாரை யாரோடு மோதவிட்டார் என்று பார்ப்பேன். 0-2 எனப் பின்தங்கிய அணி இந்த மூன்றிலும் முன்னால் இருந்தால், எல்லோரும் அதைக் கைகழுவிவிட்ட அந்த நேரத்தில், மூன்றாவது ஆட்டத்தைத் தவறாமல் உட்கார்ந்து பார்ப்பேன்.